ஏஜென்ட் முதலிலேயே பணம் கேட்டால்

கேள்வி: லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் என் தம்பிக்கு 41 வயது. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, குணச்சித்திர நடிகராக முயற்சி செய்கிறான். ஒரு ஏஜென்ட், பதிவுக்கும் ஹெட்ஷாட் எனும் முகப் படத்துக்கும் சேர்த்து 2,400 டாலர் கேட்கிறார். "ஹாலிவுட் நடிகர் ஜே.கே. சிம்மன்ஸும் நாற்பதுக்கு மேல்தான் வந்தார்" என்கிறாராம். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு டாலர்கூட வேண்டாம்.

கலிஃபோர்னியாவில், நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடித் தரும் டேலன்ட் ஏஜென்சி நடத்த மாநிலத் தொழிலாளர் ஆணையரின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது. தனக்குப் பங்குள்ள ஸ்டுடியோவுக்குப் படம் எடுக்க அனுப்பவும் கூடாது. உங்கள் தம்பிக்குச் சம்பளம் வந்த பிறகு அதில் கமிஷன் எடுத்துக்கொள்வார், வழக்கமாகப் பத்து சதவீதம். முன்பணம் வாங்கிக்கொண்டு வாய்ப்புத் தேடித் தருவதாகச் சொல்வதை 2009-இல் வந்த சட்டம் குற்றமாக்கிவிட்டது. ஓராண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம்.

ஒருவர் என்னிடம் கொண்டுவந்த ரசீதுகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஏஜென்சி ரசீது ஒன்று, ஸ்டுடியோ ரசீது ஒன்று. ஒரே கட்டடம், ஒரே மாடி, கதவு எண் மட்டும் வேறு. இரண்டிலும் ஒரே கையெழுத்து. இப்படிப்பட்டவர்களைத் தேடிப்போய்ப் பிடிப்பவர்கள் குறைவு. ஏமாந்தவர்தான் படிவம் நிரப்பிக்கொண்டு அலைய வேண்டும். பாதிப்பேர் வெட்கப்பட்டு வாயே திறப்பதில்லை. எத்தனை வருடமாக இதையே பார்ப்பது!

சரி, நடிப்புப் பயிற்சிக்குப் பணம் வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் பயிற்சி தருபவர் ஆணையரிடம் 50,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் கொடுத்திருக்க வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பத்து வேலை நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். அந்த வகுப்பு பயிற்சியாகவே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். "காஸ்டிங் டைரக்டர் (நடிகர்களைத் தேர்வு செய்பவர்) நேரில் வருவார், அவர் முன் நடித்துக் காட்டலாம்" என்று சொல்லிக் காசு வாங்கினால் அது ஆடிஷனுக்கு வாங்கும் காசு. 2017-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகர வழக்கறிஞர் ஐந்து காஸ்டிங் பட்டறைகள் மீது வழக்குப் போட்டதே இதற்காகத்தான். தம்பியிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். அடுத்து அவர் கதவைத் தட்டப்போவது இந்த வகையறாதான்.

அப்புறம், சிம்மன்ஸ் கதை. 1955-இல் பிறந்தவர். 1997-இல் 'ஓஸ்' தொடரில் சிறைக்குள் இருக்கும் கொடியவனாக வந்தபோது அவருக்கு 42. 2002-இல் 'ஸ்பைடர்மேன்' படத்தில் பத்திரிகை ஆசிரியர், ஆஸ்கர் கையில் வந்தபோது 60. இதெல்லாம் உண்மை. ஆனால் 'ஓஸ்' வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் மேடையில் இருந்தார். 1990-களின் தொடக்கத்தில் பிராட்வேயில் பாடி நடித்தவர். உங்கள் தம்பியிடம் காசு கேட்பவர் இந்தப் பகுதியைச் சொல்ல மாட்டார்.

ஹெட்ஷாட் தேவைதான். தம்பியே ஒரு புகைப்படக்காரரைத் தேர்ந்தெடுத்து, நேரடியாகப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஏஜென்டின் பெயரை ஆணையரின் இணையதளத்தில் இன்று இரவே தேடுங்கள். பட்டியலில் இல்லையென்றால், அவர் அனுப்பிய மெசேஜ்கள் எதையும் அழிக்காமல் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள்.