புது லேப்டாப்பைப் பழைய டப்பா டிவியில் இணைப்பது எப்படி?

லேப்டாப்பில் படம் அனுப்ப எச்டிஎம்ஐ ஓட்டை மட்டும் இருக்கிறது, டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள். ஒரே கேபிளில் வேலை முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று கலர் பின் வைத்த கேபிள் மலிவாகக் கிடைக்கும், வாங்கிவிடாதீர்கள் (நான் வாங்கி ஏமாந்தவன்). லேப்டாப் அனுப்புவது டிஜிட்டல், டிவிக்குப் புரிவது அனலாக். வெறும் கம்பி இதை மாற்றாது, நடுவில் ஒரு சிப் வேண்டும்.

அந்தச் சிப் உள்ள டப்பாதான் எச்டிஎம்ஐ டு ஏவி கன்வெர்ட்டர் (ஏவி என்பது டிவியின் அந்த மூன்று கலர் ஓட்டைகள்). கடையில் திசையை அழுத்திச் சொல்லுங்கள். ஏவி டு எச்டிஎம்ஐ டப்பாவும் பார்க்க அச்சு அசல் இதேபோல இருக்கும். நமக்கு வேண்டிய கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் வேண்டும், லேப்டாப் யூஎஸ்பியிலேயே எடுக்கலாம். பக்கவாட்டில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று குட்டி சுவிட்ச் இருக்கும்; இரண்டும் அனலாக் டிவி சிக்னல் முறைகள். நம் ஊர் டிவிக்குப் பால் (ஆவின் அல்ல). படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ அதைத் தள்ளிப் பாருங்கள்.

பால் முறையில் திரையில் தெரிவது 576 வரிகள்தான். சினிமா பார்க்கலாம், எக்செல் ஷீட்டெல்லாம் கண்ணுக்குக் கேடு. விண்டோஸில் ஸ்கேலை 200 சதவீதம் ஆக்கினால் ஃபோல்டர் பெயராவது படிக்கலாம்.

சத்தம் லேப்டாப்பிலேயே வருகிறதா? ஸ்பீக்கர் ஐகானில் எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள்.

ஆன்டெனா ஓட்டை மட்டுமே உள்ள டிவி என்றால் கூடவே ஆர்எஃப் மாடுலேட்டரும் (ஏவி சிக்னலை ஆன்டெனா ஓட்டை வழியே டிவி சேனலாகத் தரும் டப்பா) வேண்டும்.