தோற்றால் குவார்ட்டர்பேக்தான் காரணமா?

கேள்வி: ஒஹாயோவில், சின்சினாட்டி பக்கத்தில் இருக்கிறோம். 2024 சீசனில் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான பெங்கால்ஸ் தோற்ற ஒவ்வொரு தடவையும் என் கணவர், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவைத் திட்டித் தீர்த்தார். "வருஷத்துக்கு ஐந்தரைக் கோடி டாலர் வாங்குகிறவன் ஜெயிக்க வேண்டாமா?" என்பார். பதினான்கு வயது மகனுக்குப் பர்ரோவைச் சொன்னால் கண் கலங்கிவிடும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறான். அந்தப் பேச்சு வீட்டில் இன்னும் ஓயவில்லை. எனக்கு இந்த ஆட்டம் அவ்வளவாகப் புரியாது. யார் சொல்வது சரி?

பதில்: அன்புச் சகோதரி, நியாயம் உங்கள் மகன் பக்கம்தான் அதிகம். உங்கள் கணவர் சொல்வதிலும் கொஞ்சம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் இந்தச் சண்டை உங்களுக்கே புரிந்துவிடும். ஒவ்வொரு அணியிலும் பந்தோடு முன்னேறுவதற்குப் பதினொரு பேர், எதிரணியைத் தடுப்பதற்கு வேறு பதினொரு பேர். குவார்ட்டர்பேக் முதல் கூட்டத்தைச் சேர்ந்தவர். எதிரணி பந்தோடு முன்னேறி வரும்போது அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து அவரால் ஒருவரையும் தடுக்க முடியாது.

அந்த சீசனில் பர்ரோ எறிந்தது 4,918 யார்டு, 43 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது). இரண்டிலும் லீகிலேயே அவர்தான் முதல். அப்படியும் அணிக்கு 9 வெற்றி, 8 தோல்வி, சாம்பியனை முடிவு செய்யும் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழையவில்லை. தோற்ற எட்டில் நான்கு ஆட்டங்களில் பெங்கால்ஸ் எடுத்த பாயின்ட்டைப் பாருங்கள்: 33, 38, 34, 38. இவ்வளவு எடுத்தும் தோற்றால் ஓட்டை எங்கே இருக்கிறது? சீசன் முடிந்ததும் நிர்வாகம் வேலையிலிருந்து அனுப்பியது தடுப்பாட்டப் பயிற்சியாளர் லூ அனருமோவை.

அக்டோபர் 6 அன்று பால்டிமோர் ரேவன்ஸோடு சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டம் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். பர்ரோ ஐந்து டச் டவுன் எறிந்தார். 38–38 என்று சமமாகி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கே ரேவன்ஸ் பந்தைத் தவறவிட, பெங்கால்ஸ் பிடித்துக்கொண்டது. 53 யார்டிலிருந்து ஒரு ஃபீல்ட் கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அடித்தால் வெற்றி. உதைப்பவருக்காகப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்க வேண்டியவர் கையில் அது சரியாக உட்காரவில்லை, உதை வீணானது. ரேவன்ஸ் கைக்குப் பந்து வந்த உடனேயே அவர்களின் டெரிக் ஹென்றி 51 யார்டு ஓடிவிட்டார், பிறகு அவர்கள் ஃபீல்ட் கோல் அடித்தார்கள். 41–38, தோல்வி. இந்த இரண்டிலும் பர்ரோ களத்தில் இல்லை.

சரி, உங்கள் கணவர் பக்கத்துக்கு வருகிறேன். அதே ஆட்டத்தில், 38–35 என்று முன்னிலையில் இருந்தபோது, நேரத்தைக் கரைத்தாலே போதும் என்ற கட்டத்தில் பர்ரோ எறிந்த ஒரு பந்தை ரேவன்ஸ் வீரர் பறித்துக்கொண்டார். ஆட்டம் சமமானது அதனால்தான். அது பர்ரோவின் தவறு, அதை மகனும் ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பர் 1 அன்று ஸ்டீலர்ஸ் அணியோடு ஆடியபோதும் அவர் கையிலிருந்து நழுவிய பந்தை எடுத்து ஓடி டச் டவுன் ஆக்கினார்கள். அவர் கையில் இருந்த பந்துக்கு அவர் பொறுப்பு. அதற்காகத் திட்டினால் நானும் உங்கள் கணவரோடு சேர்ந்துகொள்வேன்.

சம்பள விஷயம் வேறு. எல்லா அணிக்கும் ஒரே சம்பள வரம்பு. 2024-இல் அது 25.54 கோடி டாலர். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் தடுப்பாட்டத்துக்குக் கை சுருங்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணத்தைப் பங்கு போட்டது நிர்வாகம். அந்தக் கேள்வியை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மகன் கண் கலங்குவதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பல பேர் சேர்ந்து செய்த ஒரு வேலை கெட்டுப்போனதும், "எல்லாம் இவனால்தான்" என்று அப்பா ஒருவரைக் காட்டுவதை அவன் வாராவாரம் கேட்டிருக்கிறான். நாளைக்குத் தன்னையும் இப்படித்தான் சொல்வாரோ என்ற பயம் அந்த வயதில் வரும். இதை உங்கள் கணவரிடம் தனியாகச் சொல்லுங்கள், மகன் எதிரில் வேண்டாம்.

அப்புறம் இருவரையும் அந்த அக்டோபர் ஆட்டத்தின் பதிவை ஒருமுறை சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கையில் ஒரு காகிதம் இருக்கட்டும். ரேவன்ஸ் ஒவ்வொரு முறை பாயின்ட் எடுக்கும்போதும் பர்ரோவின் 9-ஆம் எண் சட்டை எங்கே இருந்தது என்று மகன் எழுதட்டும். அந்தப் பறிபோன பந்து வரும்போது அதை அப்பா எழுதட்டும். சாப்பாட்டு வேளையில் மட்டும் டிவியைப் போடாதீர்கள். பிள்ளை முதலில் நிம்மதியாகச் சாப்பிட்டு முடிக்கட்டும்.