கிளைக்கு முன்னாடி அந்த கடன் நோட்டை எடுங்க ப்ரோ
தாத்தா ஆரம்பிச்ச சிமெண்ட், கம்பி கடை, ரெண்டாவது கிளை போடலாம்னா அப்பா ஒத்துக்க மாட்டேங்கறார்னு எழுதியிருந்தீங்க. நானும் மூணாவது தலைமுறைதான், இதே சண்டை எங்க வீட்லயும் ஓடுச்சு. அப்பா பயப்படறது கிளைய பாத்து இல்ல, வெளிய நிக்கற கடன பாத்துன்னு நினைக்கிறேன். சரக்குக்கு நாம சீக்கிரமே பணம் கட்டியாகணும், கான்ட்ராக்டர் அவருக்கு பில் பாஸ் ஆனப்புறம்தான் தருவார், அந்த இடைவெளிய தாங்கறது நம்ம கைக்காசுதான், கடை ரெண்டானா ஓட்டையும் ரெண்டு. அதனால முதல்ல நோட்டை எடுத்து யார் யார் 30 நாள், 60 நாள், 90 நாள் தாண்டி நிக்கறாங்கன்னு பிரிச்சு எழுதுங்க. நான் எழுதினப்ப பாதி பணம் மூணே பேர்கிட்ட மாட்டியிருந்துச்சு, அப்பா கண்ணாடிய கழட்டி வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் குடோன். சிமெண்ட் மூணு மாசம் தாண்டினா பலம் குறையும், புது லோடை முன்னாடி அடுக்கி பழச மறந்தா அடி மூட்டை கல்லாயிடும் (எங்களுக்கு ஆச்சு). இந்த ரெண்டையும் ஆறு மாசம் சரி பண்ணி காட்டுங்க, கிளை பேச்சை அவரே எடுக்கலாம். சாஃப்ட்வேர் போட்டாலும் நோட்டை தூக்கி போட்டுடாதீங்க, யார் சொன்ன தேதிக்கு தருவாங்கன்னு அதுலயும் அப்பா தலையிலயும்தான் இருக்கு.