வேலையும் தேடித் தந்து, பிஎஃப் பணமும் எடுத்துத் தரும் இணையதளத்தை நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 4 ஆண்டு 10 மாதங்களாகப் பணிபுரிகிறேன். அதற்கு முன் மூன்றரை ஆண்டுகள் வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். அந்த பிஎஃப் கணக்கும் இப்போதைய கணக்கோடு இணைக்கப்பட்டுவிட்டது. மாதச் சம்பளம் 38,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய். முழு 26,000 ரூபாய்க்கும் பிஎஃப் பிடிக்கிறார்கள். வேலைவாய்ப்புகளையும், பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றிய தகவல்களையும் ஒரே இடத்தில் தரும் ஓர் இணையதளத்தைச் சில மாதங்களாகப் பார்த்து வருகிறேன். ஓசூரில் 'முன்னணி உதிரிபாக நிறுவனம்' ஒன்றில் ஆண்டுக்கு 6.6 லட்சம் ரூபாய் சிடிசியில் (ஒரு பணியாளருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) வேலை இருப்பதாக அதில் விளம்பரம் வந்துள்ளது. 1,499 ரூபாய் கட்டி உறுப்பினரானால் நிறுவனத்தின் பெயரைச் சொல்வார்களாம். வேலை மாறும்போது பிஎஃப் பணம் முழுவதையும் விரைவாக எடுத்தும் தருவார்களாம். அதற்கு யுஏஎன் எண்ணும் (பிஎஃப் உறுப்பினருக்கான தனி எண்) கைபேசிக்கு வரும் ஓடிபியும் கேட்கிறார்கள். யுஏஎன் எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறேன். ஐந்து ஆண்டு முடியாததால் பணிக்கொடை கிடைக்காது என்றும் அந்தத் தளம் சொல்கிறது. அவர்களுடைய கணிப்பானில் எனக்கு மாதம் 6,240 ரூபாய் பிஎஃப் சேர வேண்டும் என்று வருகிறது. என் பாஸ்புக்கில் பணியாளர் பங்கு 3,120, நிறுவனப் பங்கு 1,870 என்றுதான் இருக்கிறது. இந்தத் தளத்தை நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: பணம் கட்ட வேண்டாம், ஓடிபியை எந்தக் காரணத்தைக் கொண்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம். யுஏஎன் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் பணத்தை எவரும் எடுத்துவிட முடியாது. ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபிதான் சாவி, அது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. ஆனாலும் இன்றே பிஎஃப் அமைப்பின் உறுப்பினர் தளத்துக்குள் சென்று கடவுச்சொல்லை மாற்றுங்கள். அங்கே பதிவாகியிருக்கும் கைபேசி எண், வங்கிக் கணக்கு, வாரிசு நியமனம் மூன்றும் நீங்கள் கொடுத்தபடியே இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இனி, இப்படிப்பட்ட தளத்தை எடைபோடும் விதத்துக்கு வருவோம். நீங்களே அறியாமல் அந்தச் சோதனையைப் பாதி செய்து முடித்துவிட்டீர்கள். கணிப்பான் சொன்னதையும் பாஸ்புக்கில் இருப்பதையும் ஒப்பிட்டீர்கள் அல்லவா, அதுதான் முதல் சோதனை. உங்கள் பங்காக 12 சதவீதம், அதாவது 3,120 ரூபாய், முழுவதும் பிஎஃப் கணக்குக்குப் போகிறது. நிறுவனமும் அதே 3,120 ரூபாயைக் கட்டுகிறது. ஆனால் அதில் ஓய்வூதியத் திட்டத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பின் மீது 8.33 சதவீதமாக 1,250 ரூபாய் தனியே பிரிந்துவிடுகிறது, மீதி 1,870 ரூபாய்தான் பிஎஃப் கணக்கில் சேர்கிறது. பாஸ்புக்கின் மூன்றாவது பத்தியில் அந்த 1,250 ரூபாய் மாதாமாதம் பதிவாகியிருப்பதைப் பார்க்கலாம். ஆக, உங்கள் பணம் எங்கும் போய்விடவில்லை. ஓய்வூதியத்தைக் கணக்கில் எடுக்காமலே அவர்கள் கணிப்பானைச் செய்திருக்கிறார்கள். பிஎஃப் பற்றிப் பேசும் ஒரு தளம் இந்த அடிப்படையிலேயே தவறினால், அதன் மற்றக் கணக்குகளை நம்பி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

தகவல் எவ்வளவு பழையது என்று கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு. அதே தளத்தின் இஎஸ்ஐ பக்கத்தைத் திறந்து பாருங்கள். பணியாளர் பங்கு 1.75 சதவீதம், நிறுவனப் பங்கு 4.75 சதவீதம் என்று இருந்தால், அந்தப் பக்கத்தை 2019 ஜூலைக்குப் பிறகு யாரும் தொடவில்லை என்று பொருள். அந்த மாதத்திலிருந்து அவை 0.75, 3.25 ஆகக் குறைந்துவிட்டன. பணிக்கொடையின் உச்சவரம்பு 10 லட்சம் என்று எழுதியிருந்தால் அது 2018 மார்ச்சில் 20 லட்சமாக உயர்வதற்கு முந்தைய தகவல். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பற்றியும், அவற்றின்படி குறித்த கால ஒப்பந்தப் பணியாளர்களுக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை வருவது பற்றியும் ஒரு வரிகூட இல்லையென்றால், அந்தத் தளம் இன்றைய சட்டத்தைச் சொல்லவில்லை. நல்ல தளம் ஒவ்வொரு பக்கத்திலும் திருத்திய தேதியைப் போடும். எந்தச் சட்டப் பிரிவு, எந்த அறிவிப்பு என்றும் சொல்லும். நாம் மூலத்தைத் தேடிப் படிக்க அது வழிவிடும்.

இவற்றைவிட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது: அந்தத் தகவல் உங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்ப்பது. 'பணிக்கொடை கிடைக்காது' என்கிறது தளம். ஆகவே இருந்து பயனில்லை, கிளம்பலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. 'பிஎஃப் பணத்தை எடுத்துவிடலாம்' என்கிறது. அதை எடுத்துத் தரும் சேவையையும் அதுவே விற்கிறது. தகவல் சொல்பவரும் அந்தத் தகவலால் வருமானம் பார்ப்பவரும் ஒருவராகவே இருக்கும்போது, சொன்னது முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டாலே போதும். உங்கள் விஷயத்தில் விடுபட்ட பாதி என்னவென்று பார்ப்போம்.

பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டுத் தொடர்பணி வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஐந்தாம் ஆண்டில் 240 நாட்கள் பணிபுரிந்திருந்தால் அதுவும் முழு ஆண்டாகக் கொள்ளப்படும் என்று 1996-இல் சென்னை உயர் நீதிமன்றம், 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் தீர்ப்பளித்தது. வாரம் ஆறு நாள் இயங்கும் ஆலையில் 10 மாதங்கள் முடித்த நீங்கள் அந்த 240 நாட்களைக் கடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் இதை வாதிட்டுப் பெறும் நிலைக்கு நீங்கள் போக வேண்டாம் என்பது என் கருத்து. இன்னும் இரண்டே மாதங்கள் இருந்தால் ஐந்து ஆண்டு முழுமையாகி, நிர்வாகம் மறுப்பதற்கு இடமே இல்லாமல் போகும். 26,000 ரூபாயை மாதத்தின் 26 வேலை நாட்களால் வகுத்து, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் 5 ஆண்டுக்குப் பெருக்கினால் 75,000 ரூபாய் வருகிறது. இரண்டு மாதக் காத்திருப்புக்கு இது சிறிய தொகை அல்ல.

பிஎஃப் விஷயம் இன்னும் கவலைக்குரியது. கணக்கிலுள்ள பணம் முழுவதையும் எடுத்துக் கணக்கை முடிப்பது, ஓய்வுபெறுவது போன்ற காரணங்கள் தவிர, வேலையில்லாமல் இருப்பவர்களுக்கான வசதி. ஒரு நிறுவனத்திலிருந்து விலகி, பிஎஃப் உள்ள மற்றொரு நிறுவனத்தில் உடனே சேர்பவர் கணக்கை மாற்ற வேண்டுமே தவிர, முடிக்க முடியாது. அப்படியிருக்க உங்களுக்கு 'முழுப் பணமும்' எடுத்துத் தருவதாக ஒருவர் சொன்னால், உங்கள் பெயரில், உங்கள் ஓடிபியைக் கொண்டு, நீங்கள் வேலையில்லாமல் இருப்பதாக ஒரு பொய் விண்ணப்பம் போடப் போகிறார் என்றுதான் பொருள். அதற்குப் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். மேலும், 2025 அக்டோபரில் கூடிய பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு, வேலை இழந்தவர் கணக்கை முழுமையாக முடிப்பதற்கான காத்திருப்பை 2 மாதத்திலிருந்து 12 மாதமாக நீட்டிக்க முடிவெடுத்ததையும் அந்தத் தளம் சொல்லியிருக்க வேண்டும்.

ஓய்வூதியத்தையும் மறக்கக் கூடாது. இரண்டு வேலைகளையும் சேர்த்து உங்களுக்கு 8 ஆண்டுகளுக்கு மேல் சேவை இருக்கிறது. பத்து ஆண்டு நிறைந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை வந்துவிடும். இரண்டு ஆண்டுக்கும் குறைவான காலம் மீதமிருக்கும்போது ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், இதுவரை சேர்ந்த சேவைக் காலம் அழிந்து, மறுபடியும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டிவரும். பிஎஃப் கணக்கு மாற்றத்துக்கோ, உரிய காரணத்துக்காகப் பணம் கோருவதற்கோ பிஎஃப் அமைப்பின் உறுப்பினர் தளத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. கைபேசியில் மத்திய அரசின் உமங் செயலியிலும் செய்யலாம். யுஏஎன், கடவுச்சொல், ஓடிபி ஆகியவற்றைத் தொலைபேசியிலோ சமூக ஊடகத்திலோ தாங்கள் கேட்பதே இல்லை என்று வருங்கால வைப்பு நிதி அமைப்பே திரும்பத் திரும்ப அறிவித்து வருகிறது.

வேலை விளம்பரத்தைப் பொறுத்தவரை, பெயர் தெரியாத நிறுவனத்தைப் பற்றி எதையும் சரிபார்க்க முடியாது என்பதே அதை ஒதுக்கப் போதுமான காரணம். ஆள் தேடித் தருவதற்கான கூலியை நிறுவனம் கொடுப்பதுதான் முறை, வேலை தேடுபவர் அல்ல. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும், தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்புத் தளத்திலும் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் பெயரும் மறைக்கப்படுவதில்லை. ஓசூர் வேலைகளை முதலில் அங்கே தேடுங்கள்.

நிறுவனத்தின் பெயர் தெரிந்த பிறகு செய்ய வேண்டிய ஒரு சோதனையைப் பலர் அறிவதில்லை. பிஎஃப் அமைப்பின் இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பகுதி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நுழைவுக் கணக்கு தேவையில்லை. பெயரைக் கொடுத்தால் அந்த நிறுவனத்தின் குறியீட்டு எண்ணும், அதன் உள்ளே மாதவாரியாகப் பணம் கட்டிய தேதி, தொகை, எத்தனை பணியாளர்களுக்குக் கட்டப்பட்டது என்ற விவரமும் வரும். ஒவ்வொரு மாதப் பிஎஃப் தொகையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். தேதிகள் தொடர்ந்து தள்ளிப்போயிருந்தால் அந்த நிறுவனத்துக்குப் பண நெருக்கடி இருக்கலாம். ஆட்களின் எண்ணிக்கை மாதாமாதம் சரிந்துகொண்டே வந்தால், அங்கே எதற்காகப் புதிய ஆள் எடுக்கிறார்கள் என்று நேர்முகத் தேர்விலேயே கேட்க வேண்டும். எந்த விளம்பரமும் சொல்லாத உண்மையை இந்த ஒரு பக்கம் சொல்லிவிடும்.

கடைசியாக, சம்பளம். 6.6 லட்சம் என்றால் மாதம் 55,000. இப்போதைய 38,000-உடன் ஒப்பிட்டு 17,000 ரூபாய் கூடுகிறது என்று நினைத்திருப்பீர்கள். சிடிசியில் நிறுவனம் கட்டும் பிஎஃப், பணிக்கொடை ஒதுக்கீடு, காப்பீட்டு பிரீமியம், ஆண்டு முடிவில் வந்தால் வரும் ஊக்கத்தொகை எல்லாம் அடங்கும். ஓர் உதாரணமாக, அடிப்படைச் சம்பளம் 27,500 என்று வைத்துக்கொண்டால் நிறுவனப் பிஎஃப் 3,300, பணிக்கொடை ஒதுக்கீடு சுமார் 1,320. பத்து சதவீத ஊக்கத்தொகை 5,500. காப்பீட்டுக்கு 1,000 என்று கழித்தால் மாதச் சம்பளம் 43,880 ரூபாயில் நிற்கிறது. இரண்டு இடத்திலும் உங்கள் பிஎஃப் பங்கைக் கழித்துப் பார்த்தால், இப்போது கைக்கு வருவது 34,880, அங்கே வருவது சுமார் 40,580. கூடுவது 5,700 ரூபாய் மட்டுமே; ஓசூரில் வீட்டு வாடகை கொடுக்க வேண்டியிருந்தால் அதுவும் மிஞ்சாது. ஆகவே எந்த நிறுவனமானாலும் சிடிசியின் உட்பிரிவுகளை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள்.

இந்த வாரத்துக்குள் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துச் சேர்ந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதங்களுக்குள் நல்ல வேலை அமைந்துவிட்டால், ஐந்தாண்டு நிறையும் நாளுக்குப் பிறகு பணியில் சேருவதாகப் புதிய நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். முன்னறிவிப்புக் காலம் இருப்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அந்த இணையதளத்திலிருந்து இனி ஓடிபி கேட்டு அழைப்பு வந்தாலோ, உங்கள் கணக்கில் தெரியாத விண்ணப்பம் ஏதேனும் தென்பட்டாலோ, தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்துவிட்டு, கோவை மண்டல பிஎஃப் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.