பள்ளிப் பையும் ஆயுத விதியும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 22 வருடம் வேலை பார்த்தவள் நான். பாதிக் காலம் துணை முதல்வர் (பள்ளிக்குத்தான், மாநிலத்துக்கு இல்லை), மீதி ஒழுங்கு விசாரணைக் குழுவில். வக்கீல் இல்லை. விஷயம் கோர்ட் வரை போய்விட்டால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். ஜீரோ டாலரன்ஸ் ஆயுத விதி (ஆயுதம் என்றால் விதிவிலக்கே இல்லாமல் தண்டனை) பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன். நாற்பது கேள்வி வந்திருக்கிறது, பாதி ஒரே கேள்வி. படிக்க உட்காரும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: பிள்ளையின் பையைக் கவிழ்த்து உதறுங்கள்.

ப்ளேனோ, டெக்சஸ்: அக்கா, மகன் நான்காம் வகுப்பு. தீபாவளிக்கு வாங்கிய ரோல் கேப் துப்பாக்கி பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. பஸ்ஸில் நண்பனிடம் எடுத்துக் காட்டிவிட்டான். மத்திய சட்டப்படி ஒரு வருடம் நீக்குவார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் சாப்பிடுங்கள் அம்மா. அவர் சொல்வது 1994இல் வந்த சட்டம். மத்தியப் பணம் வாங்கும் ஒவ்வொரு மாநிலமும், பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரைக் குறைந்தது ஒரு வருடம் நீக்க வேண்டும் என்று விதி வைத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் எல்லோருக்கும் தெரியும். மீதியை யாரும் படிப்பதில்லை.

அந்தச் சட்டத்தில் துப்பாக்கி என்றால் நிஜத் துப்பாக்கி, வெடிகுண்டு மாதிரியானவை. பொம்மை அதில் வராது. கத்திகூட வராது. அப்புறம், பள்ளி டிஸ்ட்ரிக்டின் (ஒரு பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தலைமை அதிகாரி ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகப் பார்த்துத் தண்டனையை மாற்றலாம் என்று அதே சட்டமே சொல்கிறது. அப்படி மாற்றினால் எழுத்தில் இருக்க வேண்டும் என்று பின்னால் சேர்த்தார்கள். 'கண்ணில்லாத சட்டம்' என்கிறார்களே, அது கண்ணோடுதான் பிறந்தது. கண்ணைக் கட்டியவர்கள் டிஸ்ட்ரிக்ட் ஆட்கள். கத்தி, பொம்மை, விரலை நீட்டிச் சுடுவது என்று பட்டியலை அவர்களே நீட்டிக்கொண்டார்கள். கேட்டால் 'விதி அப்படி, எங்கள் கையில் எதுவும் இல்லை' என்றார்கள்.

உங்கள் மாநிலத்தில் இன்னொரு பிடி இருக்கிறது. 2009இல் டெக்சஸ் சட்டத்தைத் திருத்தினார்கள். சஸ்பென்ஷனோ (தற்காலிகத் தடை) எக்ஸ்பல்ஷனோ (பள்ளியை விட்டு நீக்கம்) முடிவு செய்யும் முன் பிள்ளையின் நோக்கம், தற்காப்பா என்பது, பழைய நடத்தை, உடல்/மனக் குறைபாடு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். 'என் மகன் விஷயத்தில் நோக்கத்தை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள்?' என்று ஈமெயிலில் கேளுங்கள். போனில் வேண்டாம். டிஸ்ட்ரிக்டின் நடத்தை விதிப் புத்தகத்தில் பொம்மை ஆயுதம் பற்றி என்ன இருக்கிறது என்று நீங்களே படியுங்கள். பத்து நாளுக்கு உட்பட்ட சஸ்பென்ஷன் என்றாலும் குற்றம் என்ன என்று சொல்லி, பிள்ளை தரப்பையும் கேட்க வேண்டும். அது 1975லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

அடுத்தது, நான் வாய் வலிக்கச் சொல்லும் எச்சரிக்கை. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அவன் எதையும் எழுதிக் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு விசாரணையில் என் கைக்கு வந்த தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. கோடு போட்ட தாளில், பென்சிலில், பெரிய பெரிய எழுத்து: 'நான் ஸ்கூலுக்குத் துப்பாக்கி கொண்டுவந்தேன். ஸாரி.' அதற்குக் கீழே ஐந்து வரி எழுதி அழித்த தடம். 'தண்ணீர்' என்ற சொல் எங்குமே இல்லை. அது நீல நிறத் தண்ணீர்த் துப்பாக்கி.

எடிசன், நியூ ஜெர்சி: கேக் வெட்டக் கத்தி கொண்டுபோனதற்குப் பள்ளியை விட்டே நீக்கினார்கள் என்பது கட்டுக்கதைதானே?

கட்டுக்கதை இல்லை. டெலவேர் மாநிலம், கிறிஸ்டினா டிஸ்ட்ரிக்ட். மூன்றாம் வகுப்புப் பெண், பிறந்தநாள். பாட்டி கேக்கோடு அதை வெட்ட ஒரு கத்தியும் அனுப்பியிருக்கிறார். டீச்சர் அந்தக் கத்தியாலேயே கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அப்புறம் பிரின்சிபாலிடம் புகார் செய்தார். ஒரு வருடம் நீக்கம். அதே டிஸ்ட்ரிக்டில் 2009இல், சாரணர் முகாமில் சாப்பிடுவதற்கான ஸ்பூனும் முள்ளும் கத்தியும் ஒன்றாக மடங்கும் கருவியை 6 வயதுப் பையன் மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துப் போனான். 45 நாள் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப் பார்த்தார்கள். ஊரே சிரித்த பிறகு டிஸ்ட்ரிக்டின் பள்ளி போர்டு கூடி, சின்ன வகுப்புகளுக்கு மட்டும் தண்டனையைச் சில நாள் சஸ்பென்ஷனாகக் குறைத்தது.

எனக்கு அந்தப் பிள்ளைகளை விட அந்த டீச்சர் மேல்தான் யோசனை ஓடும். கத்தி ஆபத்து என்று உண்மையிலேயே நினைத்திருந்தால் முதல் துண்டை வெட்டியிருப்பாரா? அவர் பயந்தது கத்திக்கு இல்லை. சொல்லாமல் விட்டால் நாளைக்குத் தன் வேலைக்கு என்ன ஆகும் என்பதற்கு.

டாம்பா: மகன் விரலை நீட்டி 'டிஷ்யூம்' என்றான்.

ஃபுளோரிடாவில் 2014இலேயே இதற்குச் சட்டம் போட்டாகிவிட்டது. விளையாட்டுக்கு விரல் நீட்டினாலோ, பாதி கடித்த பிஸ்கட்டைத் துப்பாக்கியாகப் பிடித்தாலோ அதற்காக மட்டும் தண்டிக்க முடியாது. நிம்மதியாக இருங்கள்.

சார்லட்: டிபன் பாக்ஸில் வெண்ணெய்க் கத்தி வைக்கலாமா?

வேண்டாம். ஆப்பிளை வீட்டிலேயே நறுக்கிக் கொடுங்கள்.

நாஷ்வில்: என் மகனுக்கு 17 வயது. அவன் காரில் ஏறிய நண்பன் தன் கத்தியை டேஷ்போர்டு அறையில் விட்டுவிட்டான். பள்ளி பார்க்கிங்கில் சோதனையில் கிடைத்தது. இவனுக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் மாநிலத்திலேயே கிட்டத்தட்ட இதே வழக்கு நடந்தது, நாக்ஸ் கவுண்டியில். 2000இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், தன்னிடம் ஆயுதம் இருப்பதே தெரியாத மாணவனை நீக்குவதில் அர்த்தமில்லை என்றது. அந்தத் தீர்ப்பு உங்கள் மாநிலத்தைக் கட்டுப்படுத்தும். உடனே வக்கீலைப் பாருங்கள். அதுவரை பையன் எதையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஆஸ்டின்: ஆட்டிசம் உள்ள மகன். ஸ்கூல் பையில் சின்ன பேனாக்கத்தி.

அளந்து பாருங்கள். சிறப்புக் கல்விச் சட்டம், ஆயுதம் கொண்டுவந்த பிள்ளையை 45 பள்ளி நாள் வரை வேறு இடத்தில் வைக்க இடம் தருகிறது, அது குறைபாட்டால் நடந்ததாகவே இருந்தாலும். ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் 'ஆயுதம்' என்பதில் அலகு இரண்டரை அங்குலத்துக்குக் குறைந்த பேனாக்கத்தி சேராது. இதைத் தெரியாத பிரின்சிபால்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேலை வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்லாண்டா: மேடம், நீங்கள் பேசுவதெல்லாம் 'பாவம், குழந்தை' கதைகள். 2023 ஜனவரியில் நியூபோர்ட் நியூஸில் 6 வயதுப் பையன் டீச்சரைச் சுட்டானே? அவனிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அன்றைக்கே ஊழியர்கள் சொன்னார்கள். மேலே இருந்தவர் 'பகுத்துப் பார்த்து' விட்டுவிட்டார். உங்கள் பகுத்தறிவுக்கு விலை ஒரு டீச்சரின் உடம்பில் பாய்ந்த குண்டு.

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி ஐயா. உங்கள் பக்கத்துக்கு நானே இன்னொன்றும் தருகிறேன். 2021 நவம்பர், மிச்சிகன், ஆக்ஸ்ஃபோர்ட். காலையில் பையன் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டுப் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. பையன் வகுப்புக்குத் திரும்பினான், பையை யாரும் திறக்கவில்லை. நான்கு மாணவர்கள் செத்தார்கள்.

ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். ஜீரோ டாலரன்ஸ் என்பது ஆயுதம் கிடைத்த பிறகு என்ன தண்டனை என்பதற்கான விதி. இந்த இரண்டு இடத்திலும் ஆயுதம் கிடைக்கவே இல்லையே? ஆக்ஸ்ஃபோர்டில் பையைத் தொடவில்லை. நியூபோர்ட் நியூஸில் பையைப் பார்த்தார்கள், பையனைச் சோதிக்க ஊழியர் கேட்டும் விடவில்லை. சோதிக்க அதிகாரம் இல்லாமலா? 1985லிருந்து பள்ளிக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் போதும், வாரண்ட் தேவையில்லை. நியூபோர்ட் நியூஸ் துணை முதல்வர் 1 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் ஜூரி சொன்னது அலட்சியத்துக்காக. மென்மையாகத் தண்டித்ததற்காக இல்லை. தேடுவதில் தயவு தாட்சண்யம் கூடாது, தண்டிப்பதில் அவசரம் கூடாது. நான் சொல்வது இவ்வளவுதான். இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறார்கள்.

அட்லாண்டா, மறுபடி: தண்டனையை அதிகாரி கையில் கொடுத்தால் டாக்டர் மகன் தப்பிப்பான், பெட்ரோல் பங்க்கில் வேலை செய்பவர் மகன் மாட்டுவான். எல்லோருக்கும் ஒரே விதி என்பதுதானே நியாயம்?

அந்த எண்ணத்தில்தான் பலரும் இதை ஆதரித்தார்கள். நானும் முதல் மூன்று வருடம் ஆதரித்தேன். 2006இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு உட்கார்ந்து பார்த்தது. இந்த விதியால் பள்ளி பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகள் கூடுதலாகத் தண்டிக்கப்படுவதும் குறையவில்லை. ஏன்? யாரைப் பற்றிப் புகார் எழுதுவது, யாரை 'போய் பையில் வைடா' என்று சொல்லி அனுப்புவது என்பதை வராந்தாவில் நிற்கும் ஆள் முடிவு செய்கிறார். பிரின்சிபால் முடிவு செய்தால் அது காகிதத்தில் இருக்கும், நீங்கள் எதிர்த்து வாதாடலாம். வராந்தாவில் நடந்ததை எங்கே போய் வாதாடுவீர்கள்?

கொலம்பஸ்: நான் அட்லாண்டா சார் கட்சி. கடுமையாக இருந்தால்தான் பிள்ளைகள் பயப்படும்.

பயந்தால் வாயைத் திறக்காது. அதுதான் பிரச்சனை. அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவும் (சீக்ரெட் சர்வீஸ்) கல்வித் துறையும் சேர்ந்து 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை கொடுத்தன. 81 சதவீதத்தில் யாராவது ஒருவருக்காவது முன்பே விஷயம் தெரியும். பெரும்பாலும் கூடப் படிக்கும் பிள்ளைக்கு. இனி வர்ஜீனியா லௌடன் கவுண்டியில் நடந்ததைக் கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பையனிடம் தோழி ஒருத்தி, தற்கொலை எண்ணத்தில் கத்தியை ஃபைலில் வைத்துக் கொண்டுவந்ததாகச் சொல்கிறாள். இவன் ஃபைலை வாங்கித் தன் லாக்கரில் பூட்டினான், சாயங்காலம் பெற்றோரிடம் சொல்லலாம் என்று. நல்ல எண்ணத்தில் செய்தான் என்று பள்ளியே ஒப்புக்கொண்டது. இருந்தும் அந்த செமஸ்டர் முடியும் வரை சஸ்பென்ஷன். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் காப்பாற்றவில்லை. இதைப் பார்த்த அடுத்த பையன் என்ன செய்வான்? ஃபைலைத் தொடாமல் போய்விடுவான்.

சியாட்டில்: இரண்டு பேரும் தப்பு. மெட்டல் டிடெக்டர் வையுங்கள், முடிந்தது.

அது வேறு துறை. வாசலில் 1,500 பிள்ளைகளை முதல் மணிக்குள் உள்ளே விட்டுப் பார்த்தவரிடம் கேளுங்கள்.

அட்லாண்டா: ஒரே ஒரு கேள்வி மேடம்...

ஐயா, உங்களோடு பேசினால் பொழுது போவது தெரியவில்லை. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஃப்ரீமான்ட்: பக்கத்து வீட்டு சீக்கியப் பையன் கிர்பான் (மதக் கடமையாக அணியும் சின்னக் கத்தி) அணிந்து பள்ளிக்குப் போகிறான். அது மட்டும் எப்படி?

1995இல் உங்கள் கலிஃபோர்னியா வழக்கில்தான் நீதிமன்றம் வழி காட்டியது: மழுங்கிய முனை, உறையோடு சேர்த்துத் தைத்தது, சட்டைக்கு உள்ளே. கனடாவில் 2006இல் உச்ச நீதிமன்றம் முழுத் தடையே செல்லாது என்றது. நிபந்தனை போட்டு அனுமதித்தார்கள், அவ்வளவுதான்.

ஸ்கார்பரோ: நாங்கள் படிக்கேக்க ஒன்ராறியோவில் இந்தச் சட்டம் தமிழ்ப் பெடியளைத்தான் குறிவைக்குது எண்டு கதைப்பினம். இப்பவும் அப்படியோ?

சும்மா கதை இல்லை அண்ணா. 2000இல் ஒன்ராறியோவில் வந்த ஜீரோ டாலரன்ஸ் சட்டம் பற்றி 2003இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் அறிக்கை போட்டது. கறுப்பினப் பிள்ளைகளோடு தமிழ்ப் பிள்ளைகளையும் கடுமையாக நடத்துவதாகச் சொன்னவர்களின் குரல் அதில் இருக்கிறது. 2008 பிப்ரவரியிலிருந்து சட்டம் மாறியது. ஆயுதம் என்றால் இப்போதும் பிரின்சிபால் சஸ்பெண்ட் செய்தே ஆக வேண்டும், 20 பள்ளி நாள் வரை. ஆனால் எக்ஸ்பல்ஷன் விசாரணைக்குப் பிறகுதான், அதையும் போர்டுதான் முடிவு செய்யும். பிள்ளைக்குத் தன்னைக் கட்டுப்படுத்த முடிந்ததா, விளைவு புரிந்ததா என்று பார்த்தாக வேண்டும்.

ஹூஸ்டன்: நெயில்கட்டர்?

ரிச்மண்ட்: அக்கா, நெயில்கட்டர்?

சான் ஹோஸே: நெயில்கட்டரில் உள்ள சின்னக் கத்தி?

வீட்டில் நகம் வெட்டுங்கள்! ஞாயிற்றுக்கிழமை, பையை உதறும்போதே.

திருநெல்வேலி: இங்கே பள்ளிப் பைக்குள் அரிவாள் வருகிறது. உங்கள் விதி இங்கே உதவுமா?

அங்கே வேர் சாதியில் இருக்கிறது, எனக்கு அந்த மண் தெரியாது. நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்திருக்கிறது, அதைப் படியுங்கள்.

ப்ளேனோ, மறுபடி: அக்கா, நீங்கள் சொன்னபடி ஈமெயில் போட்டேன். நாளை காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பையை இப்போதுதான் கவிழ்த்து உதறினேன். அடியில், பழைய வாழைப்பழத் தோலுக்குக் கீழே, சிவப்பு ரோல் கேப் பாக்கெட் ஒன்று, பிரிக்காமல் கிடக்கிறது. இதை என்ன செய்வது?

தண்ணீரில் ஊறவைத்துக் குப்பையில் போடுங்கள். நாளைக்கு அவர்கள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். முன்பக்க ஜிப் அறையையும் திறந்து பார்த்தீர்களா?