கலஞ்சோ மீண்டும் பூக்க என்ன வழி?

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொங்கல் சமயத்தில், செம்மஞ்சள் பூக்கள் நிறைந்த கலஞ்சோ செடி ஒன்றை நர்சரியில் வாங்கினேன். மார்ச் வரை பூத்தது, அதோடு சரி. அதன் பிறகு ஒரு மொட்டுக்கூட வைக்கவில்லை. இலைகள் மட்டும் பச்சைப் பசேலென்று தழைத்து, செடி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் விடுகிறேன். வாரம் ஒரு முறை அரிசி கழுவிய நீரும், மாதம் ஒரு முறை டி.ஏ.பி. உரமும் கொடுக்கிறேன். இரண்டாம் மாடியில், கிழக்குப் பார்த்த பால்கனி. காலை பதினோரு மணி வரை வெயில் விழும். எதிரிலேயே தெருவிளக்கு இருப்பதால் இரவிலும் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. "இது ஒரு தடவைதான் பூக்கும், தூக்கிப் போட்டுவிடு" என்கிறார் என் நாத்தனார். அது உண்மையா? மறுபடியும் பூத்தால், பூக்களை நெடுநாள் வாடாமல் காப்பது எப்படி? எங்கள் வீட்டுப் பூனை இந்தச் செடியின் இலைகளை அவ்வப்போது கடிக்கிறது. அதனால் ஏதும் ஆகாதே?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: தூக்கிப் போட வேண்டாம். கலஞ்சோ பல ஆண்டுகள் வாழ்ந்து, ஆண்டுதோறும் பூக்கக்கூடிய சதைப்பற்றுச் செடி. பூ முடிந்ததும் குப்பையில் சேர்த்துவிட்டு அடுத்த ஆண்டு புதிதாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் இருப்பதால்தான், அது ஒருமுறை மட்டுமே பூக்கும் என்ற பேச்சு பரவியிருக்கிறது. உங்கள் செடிக்கு வெயில் போதும், வேரும் நலமாகவே இருப்பதாகத் தெரிகிறது. நீங்கள் ஒரு வசதியாகக் குறிப்பிட்டிருக்கும் அந்தத் தெருவிளக்குத்தான் பூவைத் தடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு. டி.ஏ.பி.க்கும் அதில் சிறு பங்கு உண்டு.

தாவரவியலில் கலஞ்சோவைக் 'குறும்பகல் தாவரம்' என்பார்கள். பெயர் பகலைச் சொன்னாலும், செடி உண்மையில் அளந்துகொண்டிருப்பது இரவின் நீளத்தைத்தான். இலைகளில் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி, வெளிச்சம் பட்டால் ஒரு நிலைக்கும் இருட்டில் மெல்ல மற்றொரு நிலைக்கும் மாறுகிறது. போதிய நேரம் இடைவிடாத இருட்டு கிடைத்து, அத்தகைய இரவுகள் சில வாரங்கள் தொடர்ந்து வந்த பிறகே, இலைகளிலிருந்து நுனிக்கு 'மொட்டு வை' என்ற தகவல் போகிறது. நடு இரவில் சில நிமிடங்கள் விளக்கு எரிந்தால்கூட அந்த இரவு கணக்கில் சேராமல் போய்விடும். சென்னையில் ஜூன் மாதத்துப் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம் நீடிக்கிறது. டிசம்பர் கடைசியில் அது 11 மணி 20 நிமிடமாகக் குறைகிறது. இந்த ஒன்றரை மணி நேர வேறுபாட்டை நாம் உணர்வதே இல்லை என்றாலும், கலஞ்சோ அக்டோபரிலிருந்தே அதை உணரத் தொடங்கிவிடுகிறது. உங்கள் பால்கனியிலோ அக்டோபரும் இல்லை, டிசம்பரும் இல்லை. பன்னிரண்டு மாதமும் விடிய விடிய விளக்கு.

சாமந்தியும் இதே குணம் உள்ளதுதான். பூவைத் தள்ளிப்போட்டு நல்ல விலை கிடைக்கும் நாளில் பறிப்பதற்காக, சாமந்தி பயிரிடுவோர் இரவில் வரிசையாகப் பல்புகளை எரியவிடுவார்கள். அவர்கள் மின்கட்டணம் கட்டிச் செய்வதை உங்களுக்குத் தெருவிளக்கு இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. குடியிருப்பின் வாயில் விளக்கு சாய்வாக விழும் இடத்தில் ஒரு கலஞ்சோவைப் பல மாதங்கள் நகர்த்தாமல் வைத்திருந்தேன். தை மாதத்தில் பார்த்தால், சுவரின் நிழலில் இருந்த பாதியில் எட்டுக் கொத்துப் பூ, விளக்கைப் பார்த்திருந்த பாதியில் வெறும் இலை. ஒரே தொட்டி, ஒரே வேர், ஒரே தண்ணீர்.

நம் ஊர் வேலியோரங்களில் வளரும் ரணகள்ளி, அதாவது 'கட்டிப் போட்டால் குட்டி போடும்' என்று சிறுவர்கள் இலையைப் புத்தகத்தில் வைத்து விளையாடும் செடி, கலஞ்சோவின் பங்காளிதான். இரண்டுக்கும் பூர்வீகம் மடகாஸ்கர். நர்சரிகளில் விற்கும் கலஞ்சோவின் மூலச்செடி அத்தீவின் வட பகுதியில் உள்ள சாரதனானா மலைகளைச் சேர்ந்தது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்துத் தோட்டக்கலைஞர் ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் 1932 வாக்கில் அதை ஐரோப்பாவில் அறிமுகப்படுத்தினார். மலைநாட்டுச் செடி என்பதால், இரவு நீண்டால் மட்டும் போதாது, ஓரளவு குளிரவும் வேண்டும். புழுக்கமான இரவுகளில் மொட்டு வைப்பது தாமதப்படும். ஆகவேதான், புரட்டாசியிலேயே அவசரப்படாமல் ஐப்பசி பிறந்த பிறகு தொடங்குங்கள் என்று சொல்கிறேன்.

செய்ய வேண்டியதற்கு இரண்டு வழிகள் உண்டு. மொட்டைமாடியிலோ வீட்டின் பின்புறத்திலோ இரவில் விளக்கே படாத, பகலில் நான்கைந்து மணி நேரம் வெயில் விழும் இடம் இருந்தால், ஐப்பசி தொடக்கத்தில் தொட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தாலே போதும். மற்றதை மார்கழிப் பனி பார்த்துக்கொள்ளும். இடம் போதிய இருட்டாக இருக்கிறதா என்று அறிய நான் கையாளும் சோதனை எளியது: இரவு பத்து மணிக்குத் தொட்டியருகே செய்தித்தாளை விரித்துப் பார்ப்பேன், தலைப்பு எழுத்துகளைப் படிக்க முடிந்தால் அந்த இடம் ஆகாது. அப்படி ஓர் இடம் இல்லாதவர்களுக்கு அட்டைப்பெட்டி. செடி இடிக்காமல் உள்ளே நிற்கும் உயரத்தில் ஒரு பெட்டியை எடுத்து, இடுக்குகளைப் பழுப்புநிற ஒட்டுநாடாவால் அடைத்து, மாலை ஆறு மணிக்குச் செடியின்மேல் கவிழ்த்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு எடுத்துவிடுங்கள். பதினான்கு மணி நேர இருட்டு, ஆறு வாரங்களுக்கு. கறுப்பு பாலித்தீன் பையால் மூடக் கூடாது. உள்ளே ஈரமும் வெப்பமும் தேங்கி இலைகள் அழுகிவிடும். காலையில் பெட்டியை எடுக்க மறந்து அலுவலகம் போய்விடுகிறவர்கள் வீட்டில் இருக்கும் யாரிடமாவது பொறுப்பைக் கொடுத்துவிடுவது நல்லது, ஏனெனில் பகல் வெயில் இல்லாமல் இருட்டு மட்டும் கிடைத்த செடிக்குப் பூ வைக்கத் தெம்பு இருக்காது. ஓரிரு நாள் தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வாரத்துக்கு மூன்று நாள் தவறினால் வேலை வீண்.

ஐப்பசி முதல் வாரத்தில் தொடங்கினால், கார்த்திகை பாதிக்குப் பிறகு பெட்டிக்கு ஓய்வு கொடுக்கலாம். அந்தச் சமயத்தில் கிளை நுனிகளை உற்றுப் பாருங்கள். இலைக்கு இலை எதிரெதிராக வந்துகொண்டிருந்த நுனியில், கடுகு அளவுப் பச்சை மணிகள் நெருக்கமாகத் திரண்டிருக்கும், அவைதாம் மொட்டுகள். அவை காம்பு நீட்டி, நுனியில் நிறம் காட்டி விரிய மேலும் ஐந்தாறு வாரங்கள் பிடிக்கும். ரகத்தைப் பொறுத்துச் சற்று முன்பின் ஆகலாம் என்றாலும், பொங்கலிலிருந்து தைப்பூசத்துக்குள் பூவைப் பார்த்துவிடலாம்.

இந்தக் கணக்கில் ஒரு சங்கடம் இருக்கிறது. நாம் இருட்டு கொடுக்கும் அதே வாரங்களில்தான் சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை வருகிறது. தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைத்திருக்கும் செடிக்கு, நான்கு நாள் விடாமல் நனைந்த மண் எமன். அடித்தண்டு கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டால் வேரைக் காப்பாற்ற முடியாது, மேலே உள்ள நல்ல கிளையை நறுக்கி நட்டுக்கொள்வது ஒன்றே வழி. எனவே மழை படாத சன்ஷேடுக்குக் கீழே தொட்டி இருக்கட்டும். நீங்கள் தினமும் தண்ணீர் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் விட வேண்டும். மழைக்காலத்தில் அது பத்து நாளுக்கு ஒரு முறையாகக்கூட இருக்கலாம். தொட்டியின் அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். செம்மண் மட்டும் நிரப்பிய தொட்டியானால், செம்மண், ஆற்றுமணல், மண்புழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்து இப்போதே, மழைக்கு முன், மாற்றி நடுங்கள்.

உரத்தைப் பற்றி. டி.ஏ.பி.யில் உள்ள தழைச்சத்து இலையைத்தான் வளர்க்கும். முழங்கால் உயர வளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். அதை நிறுத்திவிட்டு, மொட்டு தெரிந்த பிறகு சாம்பல்சத்து மிகுந்த நீரில் கரையும் உரம் ஏதாவது ஒன்றை, பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் பாதி மட்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். அரிசி கழுவிய நீரால் பெரிய நன்மையும் இல்லை, எறும்புக்கு விருந்து என்பதைத் தவிர. செடி உயர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: விற்பனைக்கு வளர்ப்பவர்கள் கலஞ்சோவைக் குட்டையாகவும் அடர்த்தியாகவும் வைத்திருக்க வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளிப்பது வழக்கம். அதன் வீரியம் தீர்ந்ததும் செடி தன் இயல்புக்குத் திரும்பிவிடும். வாங்கிய நாளின் உருவம் மறுபடி வராது என்று வருந்த வேண்டாம். இந்த ஆவணி மாதத்துக்குள் ஒவ்வொரு கிளையையும் மூன்று நான்கு ஜோடி இலைகள் மிஞ்சும்படி நறுக்கிவிட்டால், பக்கக் கிளைகள் வெடித்து, நுனிக்கு நுனி பூங்கொத்து வரும். புரட்டாசிக்குப் பிறகு நறுக்கக் கூடாது, மொட்டு வைக்க வேண்டிய நுனியையே வெட்டியதாகிவிடும்.

பூத்த பிறகு செய்ய வேண்டியது குறைவு. ஒவ்வொரு பூவும் நான்கே இதழ்கள் கொண்ட, சட்டைப் பொத்தான் அளவிலான சிறு பூ. ஒரு கொத்தில் பல பத்துப் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிவதால்தான் கொத்து ஆறு முதல் எட்டு வாரம் வரை நிற்கிறது. உச்சி வெயில் படாத, ஆனால் வெளிச்சம் உள்ள இடத்துக்குத் தொட்டியை மாற்றினால் நிறம் வெளுக்காது. பூவின்மேல் தண்ணீர் தெளிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நெருக்கமான கொத்துக்குள் ஈரம் தங்கினால் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்து கொத்தே பழுப்பாகிவிடும். அடுக்கு இதழ் ரகமானால் இந்த ஆபத்து இரட்டிப்பு. மண்ணில் மட்டும், காலை வேளையில் விடுங்கள். காய்ந்த பூக்களை வாரம் ஒரு முறை நகத்தால் கிள்ளி எடுத்து, கொத்து முழுவதும் முடிந்ததும் பூக்காம்பை முதல் ஜோடி நல்ல இலை வரை இறக்கி வெட்டுங்கள். மொட்டுகளின் இடுக்கில் பஞ்சு போல வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. ஈரத்துணியால் அல்லது பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, பூ இல்லாத பகுதிகளில் வேப்பெண்ணெய் கரைசல் தெளிக்கலாம். வெட்டிய கிளைத் துண்டுகளை ஒரு நாள் நிழலில் உலரவிட்டு மணலில் ஊன்றினால் மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். கோடையில் தாய்ச்செடிக்குக் காலை வெயில் மட்டும் போதும். கத்திரி வெயிலில் இலை சிவந்து சுருங்கும்.

கடைசியாகக் கேட்டிருந்தாலும், உடனே கவனிக்க வேண்டியது பூனை விஷயம்தான். கலஞ்சோவின் எல்லாப் பகுதிகளிலும், குறிப்பாகப் பூவில், இதயத் துடிப்பைப் பாதிக்கும் நச்சுப்பொருள் இருக்கிறது. இலையைக் கடித்த பூனைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு, துடிப்பில் தடுமாற்றம் ஆகியவை வரக்கூடும். இவற்றில் எது தெரிந்தாலும் அது எந்தச் செடியைக் கடித்தது என்பதைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பால்கனிக் கம்பியில் மாட்டும் தொட்டிகூடப் பூனைக்கு எட்டாத இடமல்ல. உங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் பூனை போவதில்லை என்றால், மேலே சொன்ன இரண்டு வழிகளில் பெட்டியை விட்டுவிட்டு மாடியையே தேர்ந்துகொள்ளுங்கள். அங்கும் அது வரும் என்றால், இந்தச் செடியைப் பூனை இல்லாத ஒரு வீட்டுக்கு, வேண்டுமானால் உங்கள் நாத்தனார் வீட்டுக்கே, கொடுத்துவிடலாம்.