கேள்வி மேடை: யானைமலைக்கு டிராகன் எதற்கு?

? 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படித்த பிறகு எந்த ஃபேண்டஸி தொடரை எடுத்தாலும் அதன் வாடை அடிக்கிறது. எல்லாமே காப்பியா?
- வாசகர், திருமங்கலம்

சில, காப்பிதான். 1977-ல் வந்த டெர்ரி புரூக்ஸின் 'தி ஸ்வோர்ட் ஆஃப் ஷன்னாரா'வில் ஒதுக்குப்புறக் கிராமத்துப் பையன், தேடிவரும் மர்மப் பெரியவர், விரட்டும் கறுப்பு உருவங்கள் என எல்லாம் அப்படியே. ஆனாலும் விற்பனையில் சக்கைப்போடு போட்டது! ராபர்ட் ஜோர்டன் கெட்டிக்காரர். 'வீல் ஆஃப் டைம்' முதல் பாகத்தின் (1990) தொடக்கத்தை வேண்டுமென்றே 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் சாயலில் எழுதினார். வாசகர் உள்ளே வந்து உட்கார்ந்ததும், மந்திரசக்தியைத் தொடும் ஆண்களுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று விதியை மாற்றி, அதிகாரத்தைப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டார். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் டோல்கீனோடு சண்டைக்கே போனார். செத்துத் திரும்பிவரும் மந்திரவாதி கண்டால்ஃப், செத்தவர் செத்தவராகவே இருந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. (படிக்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள்.) 1996-ல் தன் நாவலின் முக்கியப் பாத்திரமான நெட் ஸ்டார்க்கின் தலையை வெட்டியவர், திரும்ப ஒட்டவே இல்லை.

? 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடங்குமுன் ஒரே ஒரு நாவல் படிப்பதென்றால்?
- வாசகர், உசிலம்பட்டி

டாட் வில்லியம்ஸின் 'தி டிராகன்போன் சேர்' (1988). தன் தொடர் இதற்குக் கடன்பட்டது என்று மார்ட்டினே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

? யானைமலையை வைத்து ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதுகிறேன். எல்ஃப், டிராகன் இல்லாமல் எடுபடுமா?
- வாசகி, ஒத்தக்கடை

தாராளமாக. டோல்கீன் கைவைத்தது பழம்பாடல்களில். கண்டால்ஃப் என்ற பெயரும், அவருடைய இன்னொரு நாவலான 'ஹாபிட்'டின் குள்ளர் பெயர்களில் பெரும்பாலானவையும் 'வோலுஸ்பா' என்ற பழைய நார்ஸ் பாடலில் இருப்பவை. அதன் நாயகன் பில்போ டிராகனிடமிருந்து கோப்பை திருடுவது, 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்துத் திருட்டு. உங்களுக்குப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இருக்கிறது. யானை எய்த படலம், நாகம் எய்த படலம், மாயப்பசுவை வதைத்த படலம், இந்த மூன்று போதும். மதுரை மீது ஏவிவிட்ட மிருகம் விழுந்து மலையாகிறது: யானைமலை, நாகமலை, பசுமலை. 64 படலங்களையும் திணித்தால் கதை நகராது.

புதியவர்கள் சறுக்குவது மந்திரத்தில்தான். செலவில்லாத மந்திரம் சப்பென்றிருக்கும். அர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' (1968) உலகில் ஒரு பொருளை ஆள அதன் உண்மைப் பெயர் தெரியவேண்டும். வீம்புக்கு மந்திரம் போட்ட இளம் மந்திரவாதி கெட், தன்னையே துரத்தும் நிழலை அவிழ்த்துவிடுகிறான். உங்கள் யானையை எழுப்பியவர் எதை இழந்தார்? அதை முதல் சில அத்தியாயங்களுக்குள் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் வாசகர் ஏமாந்ததாகவே நினைப்பார்.

இன்னொன்று. புராணத்தில் அந்த யானையை வேள்வியில் எழுப்புபவர்கள் சமணர்கள், பாடியதோ சைவர். அதே யானைமலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இன்றும் இருக்கின்றன. குகையில் இருக்கும் சமணத் துறவி ஒருவரின் கண்ணால் அந்த யானை எழுவதை எழுதிப் பாருங்கள். முதல் அத்தியாயம் அதுவாகவே இருக்கட்டும்.